சிவப்புப் புள்ளி வைத்த ஃப்யூஸ்

சேரப்பணஞ்சேரியில் காந்திமதியின் கடைக்கு ரிப்பேருக்கு வருகிற எதுவும், மிக்ஸியோ டிவியோ ஹோம் தியேட்டரோ, முதலில் சிவப்பு அட்டை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். அட்டையில் நான்கு கட்டங்கள். குறை, காரணம், செய்த வேலை, சோதனை ஓட்டம். நான்கும் நிரம்பினால்தான் மேலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவாள். சோதனை ஓட்டம் என்றால் பத்து நிமிஷம் பாட்டுப் போட்டுப் பார்ப்பதல்ல. எட்டு மணி நேரம், அதாவது முழுசாக ஒரு ஷிஃப்ட். அவசரம் என்று வந்து நிற்பவர்களிடம், “அவசரம்னா வேற கடைக்கு எடுத்துகினு போப்பா, நான் இன்னா உன் கைய புடிச்சுகினா கீறேன்?” என்பாள். ஒருவரும் எடுத்துக்கொண்டு போனதில்லை.

இந்த வழக்கமெல்லாம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்தது. மணிமங்கலத்துப் பெண்ணான காந்திமதி பிளஸ் டூ முடித்த கையோடு ஒரு சர்க்யூட் போர்டு கம்பெனியின் பஸ்ஸில் ஏறினாள். பதினோரு வருஷம் ரீவொர்க் மேஜையில் உட்கார்ந்தாள். லைனில் தேறாத போர்டெல்லாம் அந்த மேஜைக்குத்தான் வரும். கம்பெனி தன் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டபோது கூட வேலை பார்த்த பெண்கள் வேறு வேறு கம்பெனி பஸ்களில் ஏறிக்கொண்டார்கள். இவள் மட்டும் வீட்டு முன்னறைக்கு ஷட்டர் போட்டுவிட்டு, தன் சால்டரிங் குச்சியோடு உட்கார்ந்தாள். புருஷன் பாலாஜி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். சென்னைப் பக்கம் ட்ரிப் விழுந்தால் ரிச்சி தெருவில் சாமான் வாங்கி வந்துவிடுவார்.

கம்பெனியிலிருந்து அவள் கொண்டுவந்த வழக்கம் இன்னொன்றும் உண்டு. செத்துப்போன சாமானின் மேல் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பாள். மார்க்கர் மை ஸ்பிரிட் பட்டால் அழிந்துவிடும், நகப்பாலிஷ் அவ்வளவு லேசில் போகாது. புள்ளி வைத்த சாமானை செலோடேப்பால் அட்டையிலேயே ஒட்டி வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவாள். எது போச்சு, எதை மாற்றினேன் என்று அவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவள் கட்சி.

அப்புறம் என்.டி.எஃப். கோளாறு ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்குக் கம்பெனியில் எழுதுகிற மூன்றெழுத்து. ரீவொர்க் மேஜையில் அதை எழுதினால், எனக்கு வேலை தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. கம்பெனியிலும் சரி, கடை போட்ட இந்த நாலு வருஷத்திலும் சரி, காந்திமதி அதை எழுதியதில்லை. தலைக்கனம் என்றுதான் சொல்ல வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும், அந்தத் தலைக்கனத்தில்தான் கடையே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குச் சோதனையாக வந்து சேர்ந்தது மாரிசெல்வத்தின் ஊஃபர் பெட்டி.

மாரிசெல்வம் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பி ஷிஃப்ட். மத்தியானம் போய் ராத்திரி திரும்புகிற வேலை. கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கட்டடத்தின் மாடியறையில் ஆறு பேராகத் தங்கியிருந்தான். முதல் போனஸில் அவன் வாங்கியது ஹோம் தியேட்டர். அதில் பெரிய பெட்டியான ஊஃபருக்குள்தான் ஆம்ப்ளிஃபயர், ட்ரான்ஸ்ஃபார்மர் எல்லாம். அது படுத்தால் சின்ன ஸ்பீக்கர்களும் சேர்ந்து படுத்துவிடும்.

முதல் தடவை வந்தபோது ஒரு சிக்கலும் இல்லை. பையன்கள் சத்தத்தை உச்சத்தில் வைத்து ஓட்டியதில் ஆம்ப்ளிஃபயர் ஐசி உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, ஃப்யூஸும் போயிருந்தது. ஃப்யூஸின் கண்ணாடி உள்பக்கம் கருத்திருந்தது. மெதுவாக லோடு ஏறிப் போன ஃப்யூஸில் நடுக்கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருக்கும். ஷார்ட்டில் ஒரே அடியாகப் போனதுதான் இப்படிக் கருக்கும். காந்திமதி ஐசியை மாற்றினாள், புது ஃப்யூஸ் போட்டாள், எட்டு மணி நேரம் ஓட்டினாள். செத்த ஐசிக்கும் செத்த ஃப்யூஸுக்கும் புள்ளி வைத்து அட்டையில் ஒட்டி, பச்சை ஸ்டிக்கரோடு அனுப்பினாள்.

பதினைந்தே நாளில் பெட்டி திரும்பி வந்தது. இந்தத் தடவை தூக்கி வந்தவர் அதே அறையில் இருக்கும் ஏசுவடியான். சாத்தான்குளம் பக்கம். முப்பத்து நாலு வயசு இருக்கும், அந்த அறையில் அவர்தான் மூத்தவர். ஆனால் மற்றவர்களெல்லாம் பெரிய கம்பெனியில், இவர் மட்டும் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு சின்ன பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட், நிரந்தரமாக சி ஷிஃப்ட், ராத்திரி முழுக்க வேலை. ஊரில் வேலையில்லாமல் இருந்தவருக்கு இந்த வேலையையும் அறையில் ஒரு பாய் இடத்தையும் பிடித்துக் கொடுத்தது மாரிசெல்வம்தான்.

பெட்டியை இறக்கி வைத்தவரின் கண்கள் மிளகாய்ப்பொடி விழுந்தது போலச் சிவந்திருந்தன. வலது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

“கைல இன்னா?” என்று கேட்டாள் காந்திமதி.

“தகடு கிழிச்சிட்டுக்கா. பிரஸ்ல பீஸ எடுக்கையில ஒரு நிமிசம் கண்ண அசத்திட்டு. நல்ல வேள, மேல உள்ளது எறங்குததுக்குள்ள இழுத்துட்டேன்.”

“இழுக்காம வுட்டிருந்தா?”

அவர் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “இது சரியாவ எத்தன நாளாவும்?” என்று கேட்டார்.

“ரெண்டு நாள். எட்டு மணி நேரம் ஓட்டிப் பாத்துதான் குடுப்பேன்.”

“எட்டு மணி நேரமா!” என்று அவர் ஏதோ கல்யாண விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர் போலச் சொன்னார். “அவசரமே இல்லக்கா. ஒரு வாரம் வேணும்னாலும் வச்சுக்கிடுங்க. பத்து நாள்னாலும் சரிதான்.”

கடை போட்ட நாளாக இப்படி ஒரு வாடிக்கையாளரை அவள் பார்த்ததில்லை. என்ன பொறுமையான மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். மல்டிமீட்டர் வைத்து ஆயிரம் கோளாறு கண்டுபிடித்தவள்தான், அன்றைக்கு எதிரே நின்ற ஆளை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பெட்டியின் பின்பக்கம் ஃப்யூஸ் இருக்கும் சின்ன மூடியைத் திருகி எடுத்தாள். ஃப்யூஸ் போயிருந்தது, கண்ணாடி கருப்பு. அப்படியென்றால் உள்ளே எங்கோ ஷார்ட். சீரிஸ் பல்பு போட்டுப் பார்த்தாள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். அதுவோ ஒருமுறை மின்னிவிட்டு மங்கிக்கொண்டது. ஐசி நன்றாக இருந்தது, டையோடு நன்றாக இருந்தது, ட்ரான்ஸ்ஃபார்மர் சூடுகூட ஏறவில்லை. பலகையைத் தட்டினாள், ஒயரை ஆட்டினாள், பல்லியோ கரப்பானோ செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடினாள். புது ஃப்யூஸில் எட்டு மணி நேரமும் பெட்டி கும் கும்மென்று சமர்த்தாக முழங்கியது. கடைசியில் காரணக் கட்டத்தில் ‘அறையில் கரண்ட் ஏறி இறங்குவது காரணமாக இருக்கலாம்’ என்று எழுதினாள். இருக்கலாம் என்று எழுதுகிற ஆளே இல்லை அவள். செத்த ஃப்யூஸுக்குப் புள்ளி வைத்து, ஒட்டிக் கொடுத்தாள்.

மூன்றாம் தடவை மாரிசெல்வமே தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியை மேஜையில் வைத்த வேகத்திலேயே கோபம் தெரிந்தது.

“என்னக்கா இது? பச்ச ஸ்டிக்கரு ஒட்டித் தாரீங்க, பத்து நாள்ல புஸ்ஸுன்னு போவுது. எங்க பில்டிங்குல எல்லாருக்கும் நான்தான் உங்க கடையச் சொன்னேன். இப்ப எல்லாவனும் என்னயக் கிண்டல் பண்ணுதானுவ.”

“வச்சுட்டுப் போப்பா. பாக்கறேன்.”

“இதான் கடைசிக்கா. இதுக்கு மேல பில்டிங் வாட்ஸப் குரூப்ல போட்டுருவேன், சொல்லிட்டேன்.”

அந்தக் கட்டடத்தில் பதினாறு அறை. அவள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கிருந்துதான். காந்திமதிக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் போன பிறகு ஃப்யூஸை எடுத்தாள். மறுபடியும் கருப்பு. மறுபடியும் உள்ளே ஷார்ட் என்று எதுவும் இல்லை.

ஷார்ட்டே இல்லாத பெட்டியில் கண்ணாடி எப்படிக் கருக்கும்? அதுவரை அவள் போர்டைத்தான் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தாள். ஃப்யூஸை வைத்ததில்லை. போய்விட்டது என்று மீட்டர் சொன்ன பிறகு அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் கம்பெனிப் பழக்கம். இப்போது வேறு வழியில்லாமல் அதையும் வைத்தாள்.

ஃப்யூஸ் முனையின் வெள்ளி மூடியில் பிளேடால் சுரண்டிய கோடுகள் இருந்தன. மூடியும் கண்ணாடியும் சேருகிற இடுக்கில் துளியூண்டு சிவப்பு. கண்ணாடியின் மேல் செலோடேப் பசை, அதில் ஒட்டிய நூல் பிசிறு. நகப்பாலிஷ் புட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே நிறம்தான். முதல் தடவை செத்த அதே ஃப்யூஸ், மூன்றாம் முறையாக அவள் மேஜையில் கிடந்தது.

சிவப்புப் புள்ளி வைத்த பீஸ் திரும்ப லைனுக்குள் நுழைவது கம்பெனியில் நடக்கவே கூடாத காரியம். நுழைந்தால் லைனே நின்றுபோகும், சூப்பர்வைசர் தலை உருளும். பதினோரு வருஷத்தில் அந்தச் சட்டம் அவள் ரத்தத்தில் ஊறியிருந்தது. அதனால்தான் யாராவது வேண்டுமென்றே நல்ல ஃப்யூஸைக் கழற்றிவிட்டு செத்ததைத் திரும்பப் போடுவார்கள் என்று அவள் புத்தியில் உறைக்கவே இல்லை. அதைவிடக் கொடுமை, அந்தச் செத்த ஃப்யூஸை ஒவ்வொரு தடவையும் பத்திரமாக ஒட்டி வீடு தேடி அனுப்பியவளே அவள்தான். தன்னையே நாலு வார்த்தை திட்டிக்கொண்டாள். திட்டி முடித்ததும் ஏசுவடியானின் கட்டைவிரல் துணியும், பத்து நாளானாலும் சரி என்று அவர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தன.

மறுநாள் பதினோரு மணிக்கு, பிளக் பாயிண்டைப் பார்க்க வேண்டும் என்று மீட்டரோடு அந்த அறைக்குப் போனாள். ஷிஃப்டுக்குக் கிளம்ப நேரமிருந்த மாரிசெல்வம் கதவைத் திறந்தான். உள்ளே ஓரமாக ஏசுவடியான், கண்ணுக்கு மேல் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார்.

“சத்தம் போட்டே பேசுங்கக்கா, அண்ணாச்சி முழிக்க மாட்டாரு” என்று மாரிசெல்வம் சிரித்தான். “பெட்டி உங்க கடைக்கி வந்துட்டா போதும், கட்ட கணக்கா தூங்குதாரு. இல்லேன்னா நாங்க படம் பாக்கையில புரண்டுக்கிட்டே கெடப்பாரு. எங்க கூட உக்காந்து பாக்கச் சொன்னாலும் வர மாட்டாரு.”

“படம் எப்ப பாப்பீங்க?”

“காலைல எட்டர மணியில இருந்து, ஷிஃப்டுக்குக் கெளம்புத வரைக்கும். எங்களுக்கு வேற நேரம் ஏது?”

அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதற்குக் கீழே தரையில் தூசி படியாமல் சதுரமாக ஒரு இடம், பெட்டி உட்கார்ந்திருந்த இடம். அதிலிருந்து ஏசுவடியானின் தலையணைக்கு ஒரு சாண்தான் இருந்தது. ஊஃபர் சத்தம் காதுக்கு மட்டும் வருகிறதல்ல, தரை வழியாக ஏறி நெஞ்சுக்கூட்டை ஆட்டும். காதில் பஞ்சு வைத்து அதைத் தடுக்க முடியாது என்று காந்திமதிக்குத் தெரியும்.

சுவரில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் அவளுடைய இரண்டு பழைய அட்டைகள் தொங்கின. முதல் அட்டையில் செத்த ஐசி அப்படியே ஒட்டியிருந்தது. ஃப்யூஸ் இருந்த இடத்தில் செலோடேப் மட்டும், நீளவாக்கில் ஒரு சின்னப் பள்ளத்தோடு. இரண்டாவது அட்டையிலும் அதேதான். அதைக் கையில் பிடித்தபடி அவள் திரும்பியபோது ஏசுவடியான் துண்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துபோன பார்வை அது. காந்திமதி அட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். “தூங்கு, தூங்கு” என்று மட்டும் சொன்னாள்.

கடைக்கு வந்து வெகுநேரம் வேலை ஓடவில்லை. இடது மணிக்கட்டில் உள்ள தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அதுவும் ஒரு சி ஷிஃப்டில் வந்ததுதான். அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு எதிரே ஒரு விசேஷம், பகலெல்லாம் ஸ்பீக்கர் அலறியது, மூன்று நாளாகப் பொட்டுத் தூக்கமில்லை. கண் சொக்கி, காய்ச்சிய சால்டரிங் குச்சியின் மேலேயே கையை வைத்துவிட்டாள். ரிப்போர்ட்டில் காரணக் கட்டத்தில் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். ஏன் கவனம் குறைந்தது என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. அவளுக்கு இருந்தது சால்டரிங் குச்சி, தழும்போடு போயிற்று. அந்த மனுஷன் கை வைப்பது பிரஸ்ஸில்.

நடந்ததை அப்படியே அட்டையில் எழுதினால் ஏசுவடியானின் பாய் அன்றைக்கே தெருவுக்கு வரும். என்.டி.எஃப் என்று எழுதினால் பத்து நாளில் பெட்டி மறுபடி வரும். இல்லையென்றால் அவருடைய கை போகும். பொய் எழுதவோ அவளுக்கு வராது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, பெட்டியைப் பிரித்து, புது ஃப்யூஸ் போட்டு, உள்ளே ஊஃபர் ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரில் முன்பக்கமாக ஒரு தனி சுவிட்ச் வைத்தாள். அதை அணைத்தால் சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் பேசும், தரை ஆடாது. பிறகு மாரிசெல்வத்துக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து அட்டையைப் படித்தான். காரணம்: பெட்டி வைத்த இடம் சி ஷிஃப்ட் ஆளின் தலைமாடு. செய்த வேலை: ஊஃபருக்குத் தனி சுவிட்ச், காலை எட்டு முதல் மூன்று வரை அணைத்து வைக்கவும், பெட்டியை எதிர்ச் சுவருக்கு மாற்றவும். நாலாவது கட்டம் காலியாக இருந்தது.

“வச்ச எடத்துனால ஃப்யூஸ் போவுமாக்கா?”

“போச்சேப்பா, ரெண்டு தபா.”

குவாலிட்டியில் வேலை பார்க்கிறவன் அட்டையை இன்னொரு முறை படித்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். “பழைய பீஸ் ஒட்டலயே. எங்க?”

“அது எங்கிட்டயே கீது. இனிமே வெளிய போவாது.”

மாரிசெல்வம் அட்டையின் வெற்று இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். முதலில் கோபம்தான் வந்தது, அது அங்கே ரொம்ப நேரம் நிற்கவில்லை.

“வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லாக்கா அவரு?”

“சொல்லியிருந்தா இன்னா பண்ணிருப்ப?”

பொய் சொல்லாத பையன் அவன். யோசித்துவிட்டு, “சிரிச்சிருப்போம்” என்றான்.

பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டவன், “பச்ச ஸ்டிக்கரு?” என்று கேட்டான். இன்னும் சோதனை ஓட்டம் முடியவில்லை, முடிந்ததும் ஒட்டுகிறேன் என்று சொல்லி அட்டையை அவளே வைத்துக்கொண்டாள். பச்சை ஒட்டாமல் அந்தக் கடையை விட்டுப் போன முதல் பெட்டி அது. குரூப்பில் அவன் எதுவும் போடவில்லை.

ஒன்பது நாள் கழித்து, சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஏசுவடியான் கடை வாசலில் நின்றார். குளித்துத் தலை வாரியிருந்தார். கட்டைவிரலில் துணி இல்லை, காயம் ஆறிக் கோடாக இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பை எடுத்து மேஜையில் பிரித்தார். உள்ளே இரண்டு ஃப்யூஸ்.

“நீங்க போட்ட நல்ல பீஸுக்கா. கழட்டுனத வீணாக்கல, பத்திரமா வச்சிருந்தேன்.” “தப்புதான்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

காந்திமதி மீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். இரண்டுக்கும் மீட்டர் கீச்சிட்டது. டப்பாவில் போட்டாள். அப்புறம் இழுப்பறையிலிருந்து அந்தச் சிவப்பு அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டு கேட்டாள்.

“இன்னிக்கு எவ்ளோ நேரம் தூங்கின?”

“ஏழு மணி நேரம்க்கா. ஒரே மூச்சா.”

சோதனை ஓட்டம் என்ற கட்டத்தில் ஏழு மணி நேரம் என்று எழுதினாள். அவள் கணக்குக்கு ஒரு மணி நேரம் குறைச்சல்தான். இருந்தாலும் பச்சை ஸ்டிக்கரை எடுத்து ஒட்டினாள்.